என் லேப்டாப்பில் மட்டும் வந்த விடை

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் மாலை பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது அந்த மின்னஞ்சல் வந்தது. ஒரு கை மேல்கம்பியில், மறு கையில் காலியான சாப்பாட்டுப் பையும் போனும். எதிரே வந்த சிமெண்ட் லாரிக்கு வழிவிட டிரைவர் பஸ்ஸை மண்ணில் இறக்கினார். பஸ் ஒருபக்கமாகச் சாய்ந்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அந்தச் சாய்மானத்தில் படித்தேன்.

“தீசிஸில் நீங்கள் கொடுத்திருக்கும் செட்டிங்ஸைப் போட்டு உங்கள் புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன். ஏழாம் அட்டவணை எனக்கு வரவில்லை. செட்டிங்ஸையும் ரிசல்ட்டையும் என் கணினியில் திறக்கக்கூடிய ஃபைல்களாக அனுப்பவும். அவற்றைப் பார்த்த பிறகே என் அறிக்கையை எழுத இயலும்.”

எழுதியவர் என் முனைவர் பட்ட ஆய்வேட்டை மதிப்பிட நியமிக்கப்பட்ட வெளித் தேர்வாளர். அந்த அறிக்கை மாதக் கடைசிக்குள் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் என் பதிவு காலாவதி. கால நீட்டிப்பு இரண்டு முறை வாங்கியாயிற்று. மூன்றாவது முறை கிடையாது என்று இரண்டாவது முறையே எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். இருபது நாள் இருந்தது. தவறினால் ஐம்பத்திரண்டு வயதில் மறுபடி நுழைவுத் தேர்வு எழுதி, முதல் வருட ஆய்வு மாணவனாக அடையாள அட்டைக்குப் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெரம்பலூரில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் இயற்பியல் வாத்தியார். பொறியியல் கல்லூரியில் இயற்பியல் வாத்தியார் என்பவர் கல்யாண வீட்டு மைக்செட்காரர் மாதிரி. இல்லாமல் முடியாது, ஆனால் அவரை யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததில்லை. நாற்பத்தைந்து வயதில் பகுதிநேர ஆய்வுக்குப் பதிவு செய்தேன். காரணம் கேட்டவர்களிடம் அறிவுத் தாகம் என்றேன். உண்மையில், துறையில் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ இல்லாத ஒரே ஆள் நான்தான். பக்கத்து மேஜை டாக்டர் என்னிடம் படித்தவர். படிக்கும்போது அவர் அவ்வளவு நல்ல மாணவரும் இல்லை.

ஆய்வின் பொருள் விண்மீன் கூட்டங்கள். ஓரிடத்தில் சற்று முன்பின்னாகப் பிறந்த விண்மீன்களின் ஒரு கூட்டத்தைக் கணினிக்குள் உண்டாக்குவேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறை, ஒரு வயது. பிறகு அந்தக் கூட்டம் தூரத்திலிருந்து என்ன நிறமாகத் தெரியும் என்று கணக்கிடுவேன். கூட்டம் சின்னதாக இருந்தால், அதிலுள்ள மூன்று நான்கு பெரிய விண்மீன்களே மொத்தக் கூட்டத்தின் நிறத்தையும் தீர்மானித்துவிடுகின்றன என்பதுதான் நான் கண்டது. இதற்கு வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை, எந்த ஊராட்சியைப் பார்த்தாலும் தெரியும். பல்கலைக்கழகம் விண்மீன்களை வைத்தே நிரூபிக்கச் சொன்னது.

தொலைநோக்கியில் நான் கண்ணை வைத்ததே இல்லை. எங்கள் பக்கத்து வானத்தில் பாதி நாள் சுண்ணாம்புத் தூசி. என் விண்மீன்கள் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய புரோகிராமில் பிறந்து அதிலேயே மறைபவை. இதை வீட்டுக்காரரிடம் விளக்க ஒருமுறை முயன்றிருக்கிறேன். அவர் உடையார்பாளையத்தில் முந்திரி வியாபாரம் செய்பவர். வாடகை வாங்க வந்தவர் ஒரு ஜாதகக் கட்டை நீட்டினார்.

“சாரு நட்சத்திரத்துலதான டாக்டருக்குப் படிக்கிறீங்க. பொண்ணுக்குக் கேட்ட, பையனுக்கு மூலம். பொருந்துங்களா?”

“அண்ணே, நான் பாக்குறது வேற நட்சத்திரம்.”

“இருக்கறதே இருவத்தேழு. அதுல வேற எங்கேர்ந்து வந்துச்சு?”

ஜாதகத்தை வாடகைப் பணத்தோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்தேன். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் இவரைப் போல ஒருவர் கேட்டால் என்ன செய்வது என்ற பயம் மட்டும் அன்றிலிருந்து இருந்தது.

இப்போது செட்டிங்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் செட்டிங்ஸ் என்று தனியாக எதுவும் இருந்ததில்லை. புரோகிராமின் உள்ளேயே, இங்கே ஒரு வரியில் வயது, அறுபது வரி தள்ளி இன்னொன்றில் நிறையின் எல்லை என்று சிதறிக் கிடந்தது. மாற்ற வேண்டுமானால் உள்ளே போய் எண்ணை அழித்து வேறு எண்ணை அடிப்பேன். பழைய எண் என்ன என்பது தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இருக்கும். அந்தத் தாளில் வீட்டில் யாராவது திருநீறு மடித்திருப்பார்கள். ரிசல்ட் ஃபைல்களின் பெயர்கள்: ஃபைனல், ஃபைனல் இரண்டு, ஃபைனல் ஒரிஜினல், இதுதான், இதுவேதான். ஒவ்வொன்றின் உள்ளேயும் வரிசை வரிசையாக எண்கள், தலைப்பு கிடையாது. எந்த வரிசை நிறை, எந்த வரிசை வயது என்பது எனக்குத் தெரியும். தெரியும் என்று நான் நம்பினேன்.

அரியலூரில் இறங்கியதும் கைடுக்குப் போன் செய்தேன். கைடு திருச்சியில் இருப்பவர், என்னைவிட எட்டு வயது இளையவர். வயதுக்காக அவர் என்னை சார் என்பார். பதவிக்காக நான் அவரை சார் என்பேன்.

“உங்க லேப்டாப்ல அந்த டேபிள் வருதா சார்?”

“வருது சார். இப்பகூட ஓட்டலாம்.”

“அவருக்கு?”

“வரலையாம் சார்.”

“அப்ப லேப்டாப்பையே கூரியர்ல அனுப்பிடுங்க. தீசிஸ்ல ஒண்ணு எழுதியிருக்கீங்க, புரோகிராம்ல வேற ஒண்ணு இருக்கு. எங்கயோ இடிக்குது. எதுன்னு பாருங்க.”

“எல்லாம் சரியாத்தான் சார் இருக்கு.”

“சரியா இருந்தா வந்திருக்கும்ல சார்.”

இதற்குமேல் வாதிட இடமில்லை. தீசிஸில் அச்சான செட்டிங்ஸைப் புதிதாக அடித்து ஓட்டினேன். எனக்கும் ஏழாம் அட்டவணை வரவில்லை. பழைய புரோகிராமைத் தொடாமல் ஓட்டினேன். வந்தது, கடைசித் தசமம் வரை. கூட்டத்தின் நிறம் ஒன்றில் நீலம் பக்கம் சாய்ந்தது, மற்றதில் சிவப்பு பக்கம். இது சின்ன வித்தியாசமல்ல. ஏழாம் அட்டவணைதான் தீசிஸின் நடுத்தூண். அது பொய்யென்றால் கூரை என் தலையில்தான் இறங்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி முடிந்ததும் மனைவியை உட்கார வைத்தேன். அவள் தாலுகா ஆபீஸில் நகல் பிரிவில் இருபது வருடமாக வேலை பார்ப்பவள். ஒருவர் மூலத்தைப் படிக்க, மற்றவர் நகலில் சரி போட்டுக்கொண்டே வருவது அங்கே நடைமுறை. முடிவில் ‘ஒப்பிடப்பட்டது’ என்று எழுதிச் சுருக்கொப்பம் வைப்பார்கள். ஒரு சர்வே எண்ணைக்கூட அவள் தவறவிட்டதாக வரலாறு இல்லை. அவள் லேப்டாப் திரையிலிருந்து படித்தாள். நான் தீசிஸில் சரி போட்டேன்.

“விதை எண், நாப்பத்திரண்டு.”

“சரி.”

விதை எண் என்பது, கணினி சீட்டுக் குலுக்குவதை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லும் எண். அதே எண்ணைப் போட்டால் யார் குலுக்கினாலும் சீட்டு அதே வரிசையில் வரும்.

“எண்ணிக்கை, ஆயிரத்தொண்ணு.”

“சரி.”

“குறைஞ்ச நிறை, புள்ளி ஒண்ணு. எதுக்குங்க புள்ளி ஒண்ணு? கிலோவா?”

“சூரியனோட நிறையில பத்துல ஒரு பங்கு.”

“அத எழுதி வச்சாத்தான தெரியும். எங்க ஆபீஸ்ல ஏக்கரா ஹெக்டேரான்னு போடாம குடுத்தா மூஞ்சில வீசுவாங்க.”

முப்பத்தொரு வரி. முப்பத்தொன்றும் சரி. அவள் பென்சிலை வாங்கி, பழக்கதோஷத்தில் ‘ஒப்பிடப்பட்டது’ என்று என் தீசிஸின் ஓரத்திலேயே எழுதிச் சுருக்கொப்பம் வைத்துவிட்டுச் சாம்பார் வைக்கப் போனாள்.

செட்டிங்ஸ் சரியாக இருந்தும் விடை மாறுகிறதென்றால் குற்றவாளி பைத்தானாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். படித்தவனுக்கு இது ஒரு வசதி. தன் தப்பை ஏற்றி வைக்க எப்போதும் ஒரு தொழில்நுட்பம் கிடைக்கும். பழைய பைத்தான், அதற்கும் பழைய பைத்தான், கணக்குத் தொகுப்பின் மூன்று பதிப்புகள் என்று நான்கு நாள் மாற்றி மாற்றி ஏற்றினேன். எல்லாப் பதிப்புகளும் என்னிடம் ஒரே விடையைச் சொல்லின. இவ்வளவு ஒற்றுமையான சாட்சிகளை நான் எந்த வழக்கிலும் கேள்விப்பட்டதில்லை. நீலம் நீலமாகவே இருந்தது, சிவப்பு சிவப்பாகவே. பதினான்கு நாள் மீதி.

சாட்சிகள் ஓய்ந்த பிறகுதான் தேர்வாளர் கேட்டதைச் செய்யலாம் என்று தோன்றியது. அவர் விளக்கம் கேட்கவில்லை, ஃபைல் கேட்டிருந்தார். சிதறிக் கிடந்த எண்களையெல்லாம் பொறுக்கி புரோகிராமின் தலையில் ஓர் அகராதியாக அடுக்கினேன்: பெயர், அதற்கு நேரே மதிப்பு. புரோகிராம் ஓடி முடிந்ததும், தான் எதை வைத்து ஓடியதோ அதையே எந்தக் கணினியும் படிக்கக்கூடிய ஒரு ஜேசன் ஃபைலாக எழுதி வைக்க வேண்டும்; பக்கத்திலேயே ரிசல்ட்டை, தலைப்புகளோடும் அலகுகளோடும், ஒரு சிஎஸ்வி அட்டவணையாக எழுதி வைக்க வேண்டும். இரண்டும் ஒரே பெயரில், ஒரே கோப்புறையில். நான் காலண்டர் தாளில் எழுதுவதல்ல, நான் நினைவிலிருந்து தீசிஸில் எழுதுவதல்ல. ஓடியது எதுவோ அதுவே.

முதல் முறை பைத்தான் மறுத்தது. அகராதியில் ஓர் எண்வரிசை கலந்திருந்தது. ‘இந்த வகைப் பொருளை ஜேசனாக எழுத இயலாது’ என்று வகையின் பெயரையும் சொல்லித் திருப்பி அனுப்பியது. மனு திருப்பப்பட்ட எந்த ஆபீஸிலும் எனக்கு இவ்வளவு தெளிவான காரணம் கிடைத்ததில்லை. வரிசையைச் சாதாரணப் பட்டியலாக மாற்றிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டது. வயதை ஆண்டில் தருகிறோமா கோடி ஆண்டிலா என்று ஓரிடத்தில் எனக்கே சந்தேகம் வந்து அரை நாள் போனது. எழுதி வைக்காத அலகுக்கு மனைவி சொன்ன வைத்தியம் நினைவுக்கு வந்தது. நல்லவேளை, மூஞ்சியில் வீச அப்போது பக்கத்தில் யாரும் இல்லை.

கல்லூரியில் ஆய்வகம் காலியாக இருந்த ஒரு மதியம், தீசிஸில் அச்சான செட்டிங்ஸை இன்னொரு ஜேசன் ஃபைலாக அடித்தேன். பிறகு நான்கே வரி: இரண்டு ஃபைலையும் திற, ஒவ்வொரு பெயராக எடு, மதிப்பு வேறாக இருந்தால் மட்டும் சொல்.

ஒரே ஒரு வரி சொல்லியது. எண்ணிக்கை: ஆயிரத்தொன்று, ஆயிரம்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாழ்நாளில் இந்தக் கையால் நான் முழுசாக ஆயிரம் என்று எங்கே எழுதியிருக்கிறேன்? மொய்க்கவரில் ஆயிரத்தொன்று. கோயில் சீட்டில் நூற்றொன்று. யார் எந்த நல்ல காரியத்துக்குக் கேட்டாலும் முழு எண்ணோடு ஒன்று சேரும். சேராவிட்டால் கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் ஏதோ குறைந்த மாதிரி இருக்கும். ஆனால் வாயால் சொல்லும்போது யாரும் அந்த ஒன்றைச் சொல்வதில்லை. ‘ஆயிரம் எழுதினேன்’ என்றுதான் சொல்வோம். விண்மீன்களுக்கும் அதையே செய்திருக்கிறேன். புரோகிராமைத் தொடங்கிய நல்ல நாளில் கை ஆயிரத்தொன்று என்று அடித்தது. ஏழு வருடம் கழித்து தீசிஸ் எழுதும்போது வாய் ஆயிரம் என்றது. என் காதும் அப்படியே பழகியிருந்தது. அவள் ஆயிரத்தொண்ணு என்று படித்தபோது, ஆயிரம் என்று அச்சான இடத்தில் கூசாமல் சரி போட்டிருக்கிறேன்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

“நான் ஆயிரத்தொண்ணுன்னு சரியாத்தான படிச்சேன்,” என்றாள்.

“படிச்ச. நாந்தான் சரி போட்டேன்.”

“அப்ப என் கையெழுத்து செல்லும். உங்க சரிதான் செல்லாது.” சற்றுக் கழித்து, “ஒரே ஒரு நட்சத்திரம் கூடினதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்? ஆயிரத்துல ஒண்ணு என்ன பெரிசா பண்ணிடப் போவுது?”

அதுதான் எனக்கும் விளங்கவில்லை. தாளில் எழுதிப் பார்த்தபோது விளங்கியது. பந்தியில் ஆயிரம் பேர். ஒரே கூடை வடை; வடைகள் சின்னதும் பெரிதுமாக இருக்கின்றன, ஆனால் கூடையில் இருக்கும் வரிசை மாறாது. முதல் சுற்றில் ஆளுக்கொன்று போட்டுக்கொண்டு வருகிறார்கள், அது நிறை. இரண்டாம் சுற்றில் அதே கூடையிலிருந்து மறுபடி ஆளுக்கொன்று, அது வயது. கடைசியில் ஒருத்தர் கூடுதலாக வந்து உட்கார்ந்துவிட்டால் முதல் சுற்றில் யாருக்கும் எதுவும் மாறாது. ஆனால் இரண்டாம் சுற்றின் முதல் வடையை அவர் வாங்கிக்கொண்டு போய்விடுவதால், ஒவ்வொருவர் இலையிலும் பக்கத்து இலைக்கு விழ வேண்டியது விழுகிறது. ஆயிரம் விண்மீன்களும் அடுத்த விண்மீனின் வயதைப் போட்டுக்கொண்டு நின்றன. இளமையாக, நீலமாக எரிய வேண்டிய பெரிய விண்மீன் ஒன்று கிழடு தட்டிச் சிவந்திருந்தது. அது ஒன்று சிவந்ததால் கூட்டமே சிவந்தது.

சில பெரிய விண்மீன்கள் மொத்தக் கூட்டத்தின் நிறத்தை மாற்றிவிடும் என்று முந்நூறு பக்கம் எழுதியவன் நான். அதற்கு இதைவிட நல்ல சாட்சியம் என் தீசிஸில் இல்லை. இது எனக்கு உறைக்கச் சிறிது நேரம் பிடித்தது. உறைத்ததும் சமையலறைக்குப் போய் மனைவியிடம் இரண்டாம் முறை விளக்கினேன். அவள் குக்கரின் விசிலை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பதினோரு நாள் மீதி. இனி எப்படி எழுதி அனுப்புவது என்பதுதான் மிச்சம். பைத்தான் பதிப்பு மாற்றத்தால் நேர்ந்தது என்று எழுதலாம். யாரும் சோதிக்கப் போவதில்லை. சத்தியமாக அப்படி ஒரு வரைவு எழுதினேன். அதைப் படித்த மனைவி, “கைத்தவறுன்னு எழுத வேண்டியதுதானங்க,” என்றாள். “நாங்க தெனம் பத்து எழுதுறோம். ஒருத்தர் வேலையும் போனதில்ல.” கைடும் அதையே சொன்னார்: “உள்ளதச் சொல்லிடுங்க சார். ஆனா ஒரே விதைய வச்சு நிக்காதீங்க. இருநூறு விதைக்கு ஓட்டி, எல்லாத்தையும் இதே மாதிரி எடுத்து வைங்க. எத்தன தடவ நீலம், எத்தன தடவ சிவப்புன்னு அவரே எண்ணிக்கட்டும்.”

“இருநூறா, இருநூத்தி ஒண்ணா சார்?”

“சார், ப்ளீஸ்.”

இருநூறு விதைகளுக்கும் இரண்டு நாள் ஓடியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு செட்டிங்ஸ் ஃபைல், ஒரு ரிசல்ட் ஃபைல். திறந்து, செட்டிங்ஸிலிருந்தே மறுபடி ஓட்டி, ரிசல்ட்டோடு ஒப்பிடும் சின்னப் புரோகிராம் ஒன்றும் சேர்த்தேன். கடிதத்தில் மொய்க்கவர் முதற்கொண்டு எல்லாவற்றையும் எழுதினேன். தேர்வாளர் வடக்கே ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருந்தாலும் தமிழர்தான் என்பது ஒரு தைரியம்.

அனுப்பிய நான்காம் நாள் பெரம்பலூர் புதிய பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அவரே கூப்பிட்டார். பின்னால் திருச்சி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் சத்தம். ஒரு காதைப் பொத்திக்கொண்டேன்.

“சார், உங்க ஃபோல்டரத் திறந்தேன். ஒரு கேள்வி கேக்காம அதுவா ஓடிச்சு.”

“சரிங்க சார்.”

“வித்தியாசம் சைபர். இருநூறும் சைபர். இந்த வருஷம் எனக்கு வந்த தீசிஸ்ல என் மெஷின்ல முழுசா ஓடினது இது ஒண்ணுதான்.” அவர் சிரித்தது இரைச்சலுக்கு மேல் கேட்டது. “அந்த ஒண்ணு எனக்கு ஏன் தோணலன்னு யோசிச்சேன். இங்க வந்து முப்பது வருஷமாச்சு. எங்கம்மா இருந்திருந்தா உங்க டேபிளப் பாத்ததும் சொல்லியிருப்பாங்க. அறிக்கைய இன்னிக்கே அனுப்பிடறேன். திருத்தச் சீட்டு ஒண்ணு மட்டும் வச்சிருங்க.”

நடைமேடையில் அப்படியே நின்றேன். அரியலூர் பஸ் ஒன்று வந்து, நிறைந்து, போனது. நான் ஏறவில்லை. ஏழு வருடத்தில் முதல் முறையாக அவசரம் இல்லாமல் இருந்தது.

வைவா திருச்சியில். தேர்வாளர் நேரில் வந்திருந்தார். தன் லேப்டாப்பையே திரையில் இணைத்து, அரங்கத்தின் முன்னால் என் கோப்புறையை ஓட விட்டார். வித்தியாசம் என்ற சொல்லும் அதற்கு நேரே சைபரும் திரையில் வரிசையாக இறங்கின. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஒரு விண்மீன் கூடினாலே நிறம் மாறுதுன்னா, உங்க முடிவ எத நம்பி ஏத்துக்கறது?”

“ஒரு ஓட்டத்த நம்பாதீங்க சார். அத நானே நம்பித்தான் மாட்டினேன். இருநூறையும் சேத்துப் பாருங்க. சின்னக் கூட்டத்துக்கு ஒரு நிறம் சொல்லக் கூடாது, இங்கேர்ந்து இதுவரைக்கும்னு ஒரு வீச்சுதான் சொல்லணும். என் ஏழாம் அட்டவணைல ஒரு நிறத்தச் சொன்னதுதான் உண்மையான தப்பு. எண்ணிக்கை கைத்தவறு. இது புத்தித்தவறு. திருத்தச் சீட்டுல ரெண்டையும் எழுதியிருக்கேன்.”

அவர் குனிந்து எதையோ எழுதினார். கைடு மேஜையைப் பார்த்தபடி லேசாகத் தலையை ஆட்டினார். வீட்டுக்காரர் கேட்ட மாதிரி யாரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு இளைஞர்கள் அந்த ஒப்பிடும் புரோகிராமைத் தங்களுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். பக்கத்து மேஜை டாக்டரும் வந்திருந்தார், அவரும் கேட்டார். தருகிறேன் என்றேன், கொஞ்சம் தாமதித்து.

எங்களை வெளியே அனுப்பிவிட்டுப் பத்து நிமிடம் பேசினார்கள். மறுபடி உள்ளே அழைத்து, பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகத் தேர்வுக் குழுத் தலைவர் அறிவித்தார். அறிவிப்பின் இரண்டாவது வாக்கியம் இன்னும் பாக்கியிருந்தது. அதற்குள் மூன்றாவது வரிசையில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்த என் மனைவி கைதட்டத் தொடங்கிவிட்டாள். அரங்கத்தில் அவள் ஒருத்தி கை மட்டும் கேட்டது. பாதியில் நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. வேறு வழியில்லாமல் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.